ஊறவைத்தால் முன்னோடி, காய்ச்சினால் குற்றவாளி!

மும்பைப் பத்திரிகைகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது தவறாமல் ஒரு கதை வெளிவருகிறது. நாசிக் நகரம் 'இந்தியாவின் ஒயின் தலைநகரம்' ஆன கதை. பச்சைப் பசேலென்ற திராட்சைக் கொடிகள், பளபளக்கும் எஃகுத் தொட்டிகள், கையில் கண்ணாடிக் கிண்ணத்தோடு சிரிக்கும் முதலாளி, எல்லாம் வண்ணப்படமாக இருக்கும். படத்துக்குக் கீழே 'முன்னோடி' என்ற பட்டமும் இருக்கும். கொடியைக் கவாத்து செய்த கைக்கு மட்டும் அந்தப் படத்தில் இடமிருக்காது.

தாராவியிலும் ஆன்டாப் ஹில்லிலும் முலுண்டிலும் மூட்டை சுமந்து, தோல் பதனிட்டு, இட்லிக் கூடை தூக்கிப் பிழைக்கிற நமக்கு ஒயினைப் பற்றி என்ன பேச்சு என்று சில நண்பர்கள் கேட்கலாம். பேச்சு இருக்கிறது. அந்தத் தொழில் வளர்ந்தது முதலாளியின் மூளையால் மட்டுமல்ல, மாநில கஜானாவின் பணத்தாலும்தான். அந்தக் கஜானாவை நிரப்புவதில் நமக்கும் பங்குண்டு. நமது தெருவில் வாங்கும் கோதுமை பிஸ்கட்டும் சோப்பும், சனிக்கிழமை இரவில் நம்மவர்கள் சிலர் வாங்கித் தொலைக்கிற குவார்ட்டர் பாட்டிலும் அந்தக் கஜானாவில்தான் போய் விழுகின்றன. பணம் கொடுத்தவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. அந்தக் கணக்கைத்தான் இங்கே கேட்கிறோம்.

யார் இந்த முன்னோடிகள்?

முதலில் அவர்களுக்குச் சேரவேண்டியதைச் சேர்த்துவிடுவோம். இந்திய மண்ணில் உலகத் தரத்தில் ஒயின் செய்ய முடியாது என்று ஒரு காலத்தில் எல்லோரும் சொன்னார்கள். குளிர் நாட்டில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் உறங்கும், வசந்தத்தில் விழிக்கும். இங்கே கொடிக்கு உறக்கமே கிடையாது. ஆகவே ஏப்ரலில் ஒருமுறை, செப்டம்பர்-அக்டோபரில் ஒருமுறை என்று ஆண்டுக்கு இரண்டு தடவை கவாத்து செய்யவேண்டும். மழைக்காலத்தில் கொடியைக் காப்பாற்றி, ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பழத்தை அறுக்கவேண்டும். அறுத்த பழத்தின் சாற்றைக் குளிரூட்டிய தொட்டியில் பொறுமையாகப் புளிக்கவைக்கவேண்டும். வெயில் தகிக்கும் தேசத்தில் இதைச் செய்து காட்டியது சாதாரணக் காரியமல்ல.

1980களில் புனே மாவட்டத்து நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலே என்ற தொழிலதிபர், பிரெஞ்சு ஷாம்பெயின் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு நுரைக்கும் ஒயினைத் தயாரித்தார். 'ஓமர் கய்யாம்' என்ற பெயரில் அது வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது. கர்நாடகத்தின் நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் என்ற வியாபாரி பிரெஞ்சுக் கொடிகளை நட்டுப் பரிசோதித்து, 1988இல் நிறுவனத்தைத் தொடங்கி, 1992இல் முதல் ஒயினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நாசிக்கில் ராஜீவ் சாமந்த் என்பவர் அமெரிக்காவில் படித்து, அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கங்காப்பூர் அணைக்கு அருகே இருந்த குடும்ப நிலத்தில் மாம்பழத்தையும் சாப்பாட்டுத் திராட்சையையும் முயன்று பார்த்து, பிறகு கலிபோர்னியாவின் ஒயின் நிபுணர் கெரி டாம்ஸ்கியைத் துணைக்கு அழைத்து ஒயின் திராட்சைக்கு மாறினார். தாயார் சுலபாவின் பெயரைச் சுருக்கி 'சுலா' என்று பெயரிட்டார். 2000ஆம் ஆண்டில் அதன் முதல் ஒயின் வெளிவந்தது. இன்று நாட்டிலேயே பெரிய ஒயின் கம்பெனி அதுதான்.

இவர்களின் துணிச்சலையும் உழைப்பையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் பெயர் சொல்லப்படாத கூட்டாளிகள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் அரசு, ஒருவர் விவசாயி, ஒருவர் கூலி. இந்த மூவரில் யாருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் நமது கேள்வி.

கஜானாவின் கருணை

2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. மாநிலத் திராட்சையில் செய்த ஒயினுக்குக் கலால் வரி விலக்கு அளிக்கப்பட்டது. நாசிக் மாவட்டத்து விஞ்சூரிலும் சாங்லி மாவட்டத்து பலூசிலும் ஒயின் பூங்காக்கள் அமைக்கப்பட்டன. தொழிற்பேட்டை நிலமும் தண்ணீரும் மின்சாரமும் அங்கே தயாராக வந்து சேர்ந்தன. பிறகு இன்னொரு சலுகை வந்தது. ஒயின் மீது வசூலாகும் 20 விழுக்காடு விற்பனை வரியில் 16 விழுக்காட்டை ஒயின் கம்பெனிக்கே திருப்பிக் கொடுக்கும் திட்டம் அது. இடையில் நின்றுபோன அந்தத் திட்டத்தை 2024 ஜனவரியில் மாநில அமைச்சரவை மறுபடி ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது.

இந்தக் கணக்கை நம் வீட்டுப் பெண்களுக்குப் புரியும்படி சொல்வோம். நூறு ரூபாய்க்கு ஒயின் விற்றால் குடிப்பவர் அதன்மேல் இருபது ரூபாய் வரி கட்டுகிறார். அந்த இருபதில் பதினாறு ரூபாய் கம்பெனிக்கே திரும்பிப் போகிறது. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மிஞ்சுவது நான்கு ரூபாய்.

ஒரு புதுத்தொழிலுக்கு அரசு கைகொடுப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. கைத்தறிக்குக் கொடுக்கலாம், கயிறு திரிப்பவருக்குக் கொடுக்கலாம், திராட்சைக்கும் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கும்போது என்ன காரணம் சொன்னார்கள்? 'விவசாயியின் நன்மைக்காக' என்றார்கள். கொள்கையின் முகப்பிலே ஒட்டிய அந்தப் பெயர்ப்பலகை இன்றுவரை இறங்கவில்லை. அப்படியானால், விவசாயிக்குக் கிடைத்த நன்மையை அளந்து பார்க்க வேண்டாமா?

விவசாயியின் பெயரால்

சாப்பிடுகிற திராட்சைக்கும் ஒயின் திராட்சைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தாம்சன் போன்ற விதையில்லாத் திராட்சையைப் பயிரிட்டவன் அதைச் சந்தையில் விற்கலாம், ஏற்றுமதிக்குக் கொடுக்கலாம், விலை விழுந்தால் உலர்த்தித் திராட்சை வற்றலாக்கலாம். ஒயின் திராட்சை அப்படியல்ல. பழம் சிறிது, தோல் தடிப்பு, உள்ளே விதை. வாஷி மார்க்கெட்டில் கொண்டுபோய்க் கொட்டினாலும் வாங்க ஆள் இல்லை. ஒயின் ஆலை ஒன்றுதான் அதற்குக் கதி. கொடி நட்டுப் பலன் வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பந்தலுக்கும் கம்பிக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் கடன் வாங்கித்தான் பணம் போடவேண்டும். அதாவது, ஒயின் திராட்சை நட்ட விவசாயி ஆலையிடம் தன் கழுத்தைக் கொடுத்துவிட்டான்.

2008இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. அந்த ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி மும்பையின் பெரிய ஓட்டல்களிலேயே பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. ஒயின் விற்பனை படுத்தது. அதுவரை வாயில் நுரை தள்ள வளர்ந்த தொழில் மூச்சுத் திணறியது. முதல் முன்னோடியாகப் புகழப்பட்ட நாராயண்காவ் நிறுவனமே கடனில் மூழ்கி, நீதிமன்ற வழக்குகளில் சிக்கி வீழ்ந்தது. விவசாயிகளுக்குச் சேரவேண்டிய பாக்கி நின்றுபோனது. சிறிய ஆலைகள் பல கதவைச் சாத்தின. வாங்க ஆளில்லாத பழம் கொடியிலேயே தொங்கியது. கடன்பட்டு நட்ட கொடியைத் தன் கையாலேயே பிடுங்கியெறிந்துவிட்டுப் பல விவசாயிகள் மறுபடி சாப்பாட்டுத் திராட்சைக்குத் திரும்பினார்கள்.

கம்பெனி விழுந்தால் அதற்குச் சட்டம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், வங்கியோடு பேச்சுவார்த்தை இருக்கிறது. கொடி நட்டவன் விழுந்தால் அவனுக்கு என்ன இருந்தது?

இதே மகாராஷ்டிரத்தில் கரும்பு விவசாயிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு வாங்கிய ஆலை 14 நாட்களுக்குள் பணம் கொடுக்கவேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டியும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். அந்தச் சட்டத்தையும் ஆலைகள் ஏய்க்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் விவசாயி கையில் காட்டுவதற்கு ஒரு காகிதமாவது இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தின் முன் உட்கார்ந்து சட்டத்தைச் சொல்லிக் கேட்க முடிகிறது. ஒயின் திராட்சைக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. வரிச் சலுகைக்குக் கொள்கை எழுதிய பேனா, விவசாயியின் பாக்கிக்கு ஒரு வரி எழுத மறந்துவிட்டது!

நன்றாக நடக்கிற கம்பெனிகள் இன்று நீண்டகால ஒப்பந்தம் போட்டு, ஒழுங்காகப் பணம் கொடுக்கின்றன என்று சொல்கிறார்கள். இருக்கட்டும். நல்ல முதலாளியின் நல்ல மனத்தை நம்பி விவசாயி வாழவேண்டும் என்றால், கெட்ட காலம் வந்தபோது என்ன ஆனது என்பதை 2009லேயே பார்த்துவிட்டோம். நல்ல மனம் சட்டமாகாது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2022 டிசம்பரில் சுலா நிறுவனத்தின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. சுமார் 960 கோடி ரூபாய் திரண்டது. அது முழுக்க முழுக்க ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் தங்கள் பங்கை விற்ற பணம். கம்பெனிக்குப் புது மூலதனமாக அதில் ஒரு ரூபாயும் வரவில்லை. சட்டப்படி இதில் குற்றமில்லை. பங்குக்காரர் பங்கை விற்றார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பங்குகளின் விலை இருபது ஆண்டுகளில் ஏறியதற்கு வரிச் சலுகையும் ஒரு காரணம், விவசாயியின் பழமும் ஒரு காரணம். அறுவடை நாளில் ஒருவர் கோடிகளை அள்ளிப் போகிறார். மற்றவருக்கு கிலோக் கணக்கில் கூலி. ஒரு பாட்டில் ஒயினுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ திராட்சை தேவை. கடையில் அந்தப் பாட்டிலின் விலையைப் பாருங்கள், பிறகு அந்த ஒரு கிலோவுக்கு விவசாயிக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள்.

கணக்கில் வராத கைகள்

விவசாயியின் பெயராவது கொள்கையில் இருக்கிறது. கூலியின் பெயர் அங்கும் இல்லை.

நாசிக் மாவட்டத்தின் மேற்கே சுர்காணா, பேட், திரியம்பகேசுவர் தாலுகாக்கள் இருக்கின்றன. மலையும் காடும் கொட்டும் மழையுமான பிரதேசம். அங்கே வாழ்பவர்கள் ஆதிவாசிகள். மழைக்காலத்தில் நெல்லும் கேழ்வரகும் விளையும். மழை நின்றால் மலையில் வேலையும் இல்லை, தண்ணீரும் இல்லை. அப்போது குடும்பம் குடும்பமாகக் கீழே இறங்கி திண்டோரி, நிபாட், பிம்பள்காவ் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். கவாத்து வெட்டுவது, கொடியைக் கம்பியில் கட்டுவது, கொத்தைச் செம்மை செய்வது, பழம் அறுத்துக் கூடையில் அடுக்குவது, எல்லாம் அவர்கள் கைதான். ராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலும் வானம் பொய்த்தபோது நம் தாத்தாமார் தாதர் எக்ஸ்பிரஸ் ஏறியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர்களும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள், நாமும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். அவர்கள் நூறு கிலோமீட்டர் இறங்கினார்கள், நாம் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தோம்.

அந்த வேலையில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. அக்டோபர் கவாத்து முடிந்ததும், மொட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெடிக்கவேண்டும் என்பதற்காக ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனத்தைக் கொடிக்குப் பூசுகிறார்கள். 'டார்மெக்ஸ்' என்றால் திராட்சைக்காரர்கள் அனைவருக்கும் தெரியும். கடுமையான விஷம் அது. தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் ஆபத்து. அதற்கு இன்னொரு குணமும் உண்டு. அந்த மருந்து உடம்பில் ஏறியவர் அந்த நாட்களில் ஒரு மடக்கு மது குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, தலை சுற்றி விழுவார். உயிருக்கே ஆபத்தாகலாம். ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு 2008இலேயே இந்த மருந்துக்கு அனுமதியை மறுத்துவிட்டது. இங்கே கையுறை இல்லாமல், பஞ்சைத் தோய்த்துக் கூலிக்காரன் பூசுகிறான்.

உலகத்தில் இதைவிடக் கசப்பான வேடிக்கை உண்டா? எந்தக் கொடியிலிருந்து மது பிறக்கிறதோ, அந்தக் கொடியைத் தொட்டவன் மதுவைத் தொட்டால் சாவான்!

2018 மார்ச் 6ஆம் தேதி நாசிக்கிலிருந்து ஒரு செங்கொடி ஊர்வலம் புறப்பட்டதை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். அகில இந்திய கிசான் சபை நடத்திய அந்த நெடும்பயணத்தில் பல்லாயிரம் பேர் சுமார் 180 கிலோமீட்டர் நடந்து வந்தார்கள். பெரும்பாலோர் ஆதிவாசிகள். தாங்கள் தலைமுறையாக உழுத காட்டு நிலத்துக்குப் பட்டா வேண்டும், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றவேண்டும் என்பது அவர்களின் முக்கியமான கோரிக்கை. மார்ச் 11ஆம் தேதி சயான் சோமையா மைதானத்தில் வந்து தங்கினார்கள். தாராவிக்குக் கூப்பிடு தூரம். மறுநாள் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பிள்ளைகளுக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது என்று, வெடித்த பாதங்களோடு ராவோடு ராவாக நடந்து ஆசாத் மைதானத்தை அடைந்தார்கள். தண்ணீரும் செருப்பும் ரொட்டியும் கொடுத்து வரவேற்றது மும்பையின் உழைக்கும் மக்கள்.

காட்டு நிலத்துக்குப் பட்டா கிடைக்காதவன்தான் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலியாக இறங்குகிறான். ஒயின் தொழிலின் வளர்ச்சிக்கு அடிக்கல் அங்கே இருக்கிறது. வண்ணப்படக் கட்டுரைகளில் அதை எழுதுவதில்லை.

இரண்டு தராசு

இப்போது தலைப்புக்கு வருவோம்.

1949இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் வந்தது. மில்லில் வேலை கிடைக்காத, தோல் கிடங்கில் கூலி போதாத ஏழைகள் சிலர் தாராவியின் சேற்றுப் பள்ளத்தில் பானை வைத்துக் காய்ச்சினார்கள். போலீஸ் வந்தது. பானை உடைந்தது, மாமூல் பெருகியது, ஏழைப் பெண்கள் லாக்கப்பில் கிடந்தார்கள். 'மதராஸி என்றால் சாராயம் காய்ச்சுகிறவன்' என்ற வசை நம் சமூகத்தின் நெற்றியில் ஒட்டியது. அந்தப் பானையை நாம் கொண்டாடவில்லை. அது எத்தனை தாலியை அறுத்தது என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஆனால் அதே சட்டம் இன்றும் 'மகாராஷ்டிர மதுவிலக்குச் சட்டம்' என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. நாசிக்கின் ஒயின் ஆலைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் அதே சட்டத்தின் கீழ்தான். ஒரே சட்டப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஏழைக்கு விலங்கு, மறு பக்கத்தில் பணக்காரனுக்கு மாலை!

ஆதிவாசியின் கதை இதைவிடப் பழையது. அவன் காட்டில் மகுவா மரம் பூக்கிறது. நமது இலுப்பைக்கு உடன்பிறப்பான மரம். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்று நம் பாட்டிமார் சொன்னது அந்த இனத்துப் பூவைத்தான். அவனுக்கு அது உணவு, மருந்து, சாமிக்குப் படையல், திருவிழாவுக்குப் பானம். 1892லேயே வெள்ளைக்கார சர்க்கார் தாணா, கொலாபா மாவட்டங்களில் மகுவாப் பூவைக் கட்டுப்படுத்தத் தனிச்சட்டம் கொண்டுவந்தது. பூவைச் சேகரிக்கவும் சேமிக்கவும் இருந்த கட்டுப்பாடுகளை மகாராஷ்டிர அரசு தளர்த்தியது 2021இல்தான். அந்தப் பூவிலிருந்து அவன் வீட்டில் வடித்தால் அது இன்றைக்கும் குற்றம். அவனே கீழே இறங்கிவந்து அறுத்துக் கொடுக்கும் திராட்சையிலிருந்து வடித்தால் அது வேளாண் பதப்படுத்தும் தொழில்!

2025 ஜூன் 10ஆம் தேதி மகாராஷ்டிர அமைச்சரவை மது வரியை உயர்த்தியது. ஆண்டுக்குக் கூடுதலாக 14,000 கோடி ரூபாய் திரட்டுவது குறிக்கோள். தொழிலாளி குடிக்கும் தேசி சாராயத்தின் வரி ஏறியது. 180 மில்லி பாட்டிலின் குறைந்தபட்ச விலை 80 ரூபாய் ஆனது. உள்நாட்டில் தயாரிக்கும் விஸ்கி, பிராந்தியின் வரியும் ஏறியது. எதற்கு ஏறவில்லை தெரியுமா? பீருக்கும் ஒயினுக்கும் ஏறவில்லை.

குடியைக் குறைக்கத்தான் வரி என்றால், பணக்காரன் குடி குறையவேண்டாமா? வருமானத்துக்குத்தான் வரி என்றால், இருப்பவனிடம் வாங்குவதுதானே முறை? நாட்டில் விற்கும் மதுவில் ஒயினின் பங்கு நூற்றில் ஒன்று என்ற அளவுதான், அதில் வரி போட்டு என்ன கிடைக்கப்போகிறது என்று வாதிடுகிறார்கள். அந்த நூற்றில் ஒன்றுக்கு மந்திரிசபையில் இவ்வளவு கரிசனம் எதற்கு என்பதுதான் நமது கேள்வி.

சாராயத்தை மலிவாக்குங்கள் என்று கேட்பது நம் நோக்கமல்ல. குடி குடியைக் கெடுக்கும். ஆனால் அரசுக் கடையில் விலை ஏறும்போது ஏழை குடியை விடுவதில்லை, மறைவான சந்துக்குப் போகிறான். 2015 ஜூனில் மலாட் மால்வணியில் விஷச் சாராயம் குடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். செத்தவர்கள் எல்லாம் குடிசைவாசிகள், கூலிகள். ஒயின் கிண்ணம் ஏந்தியவர் எவரும் அந்தப் பட்டியலில் இல்லை.

பொய்ச் சண்டை

2022 ஜனவரி 27ஆம் தேதி, பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று அன்றைய மாநில அரசு முடிவெடுத்தது. உடனே பெரும் கூச்சல் எழுந்தது. 'மகாராஷ்டிரத்தை மதுராஷ்டிரம் ஆக்காதே' என்றது எதிர்க்கட்சி. 'ஒயின் சாராயமல்ல, விற்பனை பெருகினால் விவசாயிக்கு லாபம்' என்றது ஆளுங்கட்சி. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவித்தார், பிறகு கைவிட்டார். அந்த ஆண்டு ஜூனில் ஆட்சியே மாறியது. முடிவு நடைமுறைக்கு வரவில்லை.

அந்தச் சண்டையில் ஒரு பக்கம் ஒழுக்கம் பேசியது, மறு பக்கம் விவசாயம் பேசியது. ஒழுக்கம் பேசியவர்கள் ஒயின் வரிச் சலுகையை நிறுத்து என்று கேட்கவில்லை. 2024இல் சலுகையை நீட்டித்த அரசில் அவர்களே இருந்தார்கள். விவசாயம் பேசியவர்கள் 14 நாளில் பாக்கி கொடுக்கும் சட்டம் கொண்டுவரவில்லை. இரு தரப்பிலும் ஒருவர்கூடக் கூலியின் கையுறையைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் பாட்டிலைப் பற்றிச் சண்டையிட்டார்கள். பழத்தையும் பழம் பறித்த கையையும் பற்றிப் பேச ஆளில்லை.

நமது ஊரிலும் நாம் இதைக் கண்டவர்கள்தான். பனையேறியின் கள்ளுக்கு 1987 முதல் தடை. ஆலைகளின் சரக்கை 2003 முதல் அரசே டாஸ்மாக் கடையில் சில்லறையாக விற்கிறது. பனையேறி பிழைப்பைத் தொலைத்துவிட்டு இங்கே வந்து மாட்டுங்கா நடைபாதையில் கடை விரித்தான். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி. அங்கும் ஒயின் ஆலை வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. நாளைக்கு ஆலை வந்தால், நாசிக் விவசாயி 2009இல் பட்டது கம்பத்துச் சம்சாரிக்கும் நேரலாம். தேனித் தோட்டத்துக் கூலிப் பெண்ணின் கையிலும் அதே மருந்துப் பஞ்சு ஏறலாம். முன்கூட்டியே படித்துக்கொள்வது நல்லது.

நாம் கேட்பது என்ன?

தொழிலை மூடு என்று நாம் கேட்கவில்லை. ஆலையை மூடினால் முதலில் பசிப்பது கூலியின் வயிறு என்பது மில்கள் மூடியதைப் பார்த்த மும்பைத் தமிழனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. நாம் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று: கரும்புக்கு இருப்பதைப் போல ஒயின் திராட்சைக்கும் சட்டம் வேண்டும். 14 நாளில் பணம், தவறினால் வட்டி. விவசாயிக்குப் பாக்கி வைத்த ஆலைக்கு வரி திருப்பித் தருவது நிற்கவேண்டும்.

இரண்டு: திராட்சைத் தோட்டக் கூலிகளுக்கு மாத்தாடி வாரியம் போல ஒரு வாரியம் வேண்டும். 1969ஆம் ஆண்டின் மாத்தாடி சட்டம் இதே மாநிலத்தில் மூட்டை சுமக்கும் தொழிலாளி போராடிப் பெற்றது. முதலாளி வாரியத்தில் பணம் கட்டுகிறார், தொழிலாளிக்குக் கூலியும் சேமநிதியும் அங்கிருந்து வருகிறது. நம்மவர்கள் பலர் அதன் அருமையை அறிந்தவர்கள். கம்பெனிக்குத் திரும்பிப் போகிற 16 விழுக்காட்டில் ஒரு பகுதியை அந்த வாரியத்துக்குத் திருப்பினால் போதும், கஜானாவுக்குப் புதுச் செலவே இல்லை.

மூன்று: சயனமைடு மருந்தைக் கைவிட வழி தேடவேண்டும். அதுவரை கையுறையும் முகக் கவசமும் மருத்துவச் சோதனையும் முதலாளியின் பொறுப்பு. மருந்து பூசும் நாட்களில் மது ஆகாது என்ற எச்சரிக்கையைக் கூலியின் மொழியில் சொல்லவேண்டும்.

நான்கு: எந்தக் கம்பெனிக்கு எத்தனை ரூபாய் வரி திரும்பிப் போனது, அது எத்தனை விவசாயியிடம் என்ன விலைக்குப் பழம் வாங்கியது என்பதை ஆண்டுதோறும் அரசு வெளியிடவேண்டும். பொதுப்பணம் வாங்குகிறவர் பொதுக்கணக்குக் காட்டவேண்டும்.

இந்த நான்கையும் வார்டு கூட்டத்தில் பேசுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கொடியோடு வந்தாலும் அவர் முன் வையுங்கள். கிசான் சபை ஊர்வலம் மறுபடி சயான் வழியாக வந்தால் தண்ணீர்ப் பானையோடு நிற்பதோடு நில்லாமல், கோரிக்கை அட்டையோடும் நில்லுங்கள். மலையிலிருந்து இறங்கிய கூலியும் தெற்கிலிருந்து ஏறிவந்த கூலியும் தனித்தனியே கேட்டால் அது முனகல். சேர்ந்து கேட்டால் மந்திரிசபையின் காதில் விழும்.

முன்னோடி என்ற சொல்லுக்கு முன்னே நடப்பவன் என்று பொருள். வெடித்த பாதத்தோடு 180 கிலோமீட்டர் முன்னே நடந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பட்டம் யாருக்குச் சேரவேண்டும் என்பதை உழைக்கும் மக்கள் முடிவு செய்யட்டும்.